அடிபட்ட நாயை ஆதரித்தல்

சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் நாயைக் காணாதவர் நம்மில் மிகச் சிலரே. பள்ளிக்குப் போகும் வழியிலோ, கல்லூரிப் பேருந்தின் சன்னல் வழியாகவோ நீங்களும் கண்டிருப்பீர்கள். பின்னங்கால் ஒன்று தொங்க, உடலை மண்ணில் இழுத்துக்கொண்டு, ஒரு வேலியோரத்தையோ நிற்கும் வண்டியின் அடியையோ நாடிச் செல்லும் அந்தப் பிராணியைக் கண்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லாதவர் இல்லை. சொல்லிவிட்டு அப்பால் செல்வோர் பலர், நிற்பவர் சிலர். அந்தச் சிலருள்ளும் பெரும்பாலோர் மாணவர்களாக இருப்பதை நான் பல முறை கவனித்திருக்கிறேன். ஆனால், நின்றபின் என்ன செய்வது? இரக்கம் ஒரு நொடியில் பிறந்துவிடுகிறது. முறிந்த எலும்பு கூடுவதற்கோ இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. அந்த நாய் மீண்டும் ஒரு மனிதனை நம்புவதற்கு அதனினும் நீண்ட காலம் ஆகலாம். அந்த நாள்களில் நாம் செய்யத் தக்கது யாது, செய்யாமல் விடத் தக்கது யாது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். செய்யாமல் விட வேண்டியவையே இதில் மிகுதி என்பதை முன்னதாகவே சொல்லி வைக்கிறேன்.

நோயுற்ற நாயைப் பேணுவது இக்காலத்து நாகரிகம் என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு ஜெர்மனி நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லலாம். பான் நகரத்தை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914ஆம் ஆண்டு, கல் உடைக்கும் தொழிலாளர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். அதில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகிய இருவருடைய எலும்புகளோடு ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 2018இல் ஆய்வாளர்கள் அந்த நாயின் பற்களை மீண்டும் நுணுகி ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். அது ஏறத்தாழ ஏழு மாதக் குட்டி. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோய்க்கு ஆளாகிப் பலமுறை சாவின் வாயிற்படிவரை சென்று மீண்டிருக்கிறது. அந்நிலையில் அது வேட்டைக்கும் உதவாது, காவலுக்கும் உதவாது. யாரோ ஒருவர் அதற்கு நீர் புகட்டி, உடலைச் சுத்தம் செய்து, குளிருக்கு ஒதுக்கி வைத்திராவிட்டால் அத்தனை வாரங்கள் அது உயிரோடிருக்க முடியாது என்பது அவர்கள் கருத்து. நம் நாட்டிலும் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் புரிந்த கோவிவன் என்னும் நாயை அது பெயர் சொல்லிப் போற்றுகிறது. கோவிவன் பயன்பட்டது, ஆகவே கல்லில் இடம் பெற்றது. ஓபர்காசல் குட்டியோ ஒரு பயனும் தராமலே பேணப்பட்டது. எனக்கு என்னவோ இவ்விரண்டில் அந்தக் குட்டியின் கதையே பெரிதாகப் படுகிறது.

நிற்க. இப்போது நம் தெருவுக்கு வருவோம். வண்டியில் அடிபட்டு, பின்னங்கால் முறிந்து கிடக்கும் நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதனை அணுகும் முன் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். வலியில் கிடக்கும் நாய், தன்னை வளர்த்தவரையே கூடக் கடிக்கும். அது நன்றிகேடு அன்று, வலி கடிக்கிறது. ஆதலின் நேருக்கு நேராகக் கண்ணை நோக்கிக்கொண்டு செல்லாமல், சற்றுப் பக்கவாட்டில், மெல்ல, தாழ்ந்த குரலில் ஏதேனும் பேசிக்கொண்டே செல்லுதல் வேண்டும். வாயைத் துணியால் தளர்வாகக் கட்டலாம். ஆனால் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் வாய்க்கட்டு கூடவே கூடாது. தூக்கும்போது கைகளில் அள்ளித் தூக்குவது தவறு. முதுகெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு தூக்கலே அதனை நிலையாக முடமாக்கிவிடக் கூடும். ஒரு பலகையின்மீதோ, இருவர் இறுகப் பிடித்த கனத்த போர்வையின்மீதோ மெல்ல நகர்த்தி ஏற்றுவதே முறை. பசியாக இருக்குமே என்று பாலும் பிஸ்கோத்தும் கொடுக்க நம் கை துடிக்கும். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய நேர்ந்தால் வயிற்றில் உள்ள உணவு தீங்கு செய்யும். ஆகவே மருத்துவர் பார்க்கும்வரை உணவு வேண்டா. வீட்டில் உள்ள வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது அதனினும் தவறு. பாரசிட்டமால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கக் கூடியது. இபுபுரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் அழிக்கக் கூடியது. நமக்கு மருந்தாவது அதற்கு நஞ்சாவது இப்படித்தான்.

அடுத்து, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைத்தவர் அரியவரினும் அரியவர். வாயில் எச்சில் ஒழுக, தாடை தொங்க, தள்ளாடி நடந்து, காரணமின்றிக் கல்லையும் கட்டையையும் கடிக்கும் நாயை, அது எத்துணை பரிதாபமாக இருந்தாலும், நீங்கள் தொடக் கூடாது. பயிற்சி பெற்றவர்களுக்குச் செய்தி சொல்லி விலகி நிற்க வேண்டும். குறி ஒன்றும் இல்லாத நாய் கடித்தாலும், பல் கீறினாலும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது வழக்கமே. ஆனால் அந்தப் பத்து நாளும் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடுவது அறிவுடைமை அன்று. பாரிசில் லூயி பாஸ்டர் 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இத்தடுப்பு மருந்தைச் செலுத்தினார். நம் தென்னாட்டிற்கென்று குன்னூரில் 1907இல் ஒரு பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று உங்கள் பாட்டனார் சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். அந்தப் பழைய மருந்து இன்று வழக்கில் இல்லை. இப்போது புயத்திலேயே நான்கைந்து ஊசிகள் போடுகிறார்கள். புண் ஆழமானால் அதனைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துகிறார்கள். நாய்களோடு நாள்தோறும் பழகும் எண்ணமுடையவர் கடிபடும் முன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்வது நன்று.

இனி மருத்துவமனை. சென்னையில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது; 1964இல் அமைப்பாக உருப்பெற்ற புளூ கிராஸ் போன்ற சங்கங்களும் உண்டு. மாவட்டத் தலைநகரங்களில் அரசினர் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. அங்கே எக்ஸ்ரே படம் எடுத்தபின் மருத்துவர் மூன்றில் ஒன்றைச் சொல்வார். மாவுக்கட்டுப் போதும் என்பார். அல்லது உலோகக் கம்பியோ தகடோ வைத்து எலும்பை இணைக்க வேண்டும் என்பார். அல்லது காலை எடுத்துவிட வேண்டும் என்பார். மூன்றாவதைக் கேட்டதும் பலர் கண்கலங்கி மறுத்துவிடுகின்றனர். அங்கே நாம் நம்மை நாயாக எண்ணிக்கொள்கிறோம். நாயோ இரண்டு காலால் நடப்பதன்று. அதன் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்கள் தாங்குகின்றன. பின்னங்கால் ஒன்று போனால் அது சில வாரங்களுக்குள் ஓடப் பழகிவிடும். முன்னங்கால் போனாலும் பழகும். சற்றுக் கூடுதலான நாள் பிடிக்கும். தன்னைப் பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அதற்கு இல்லை. உணர்ச்சியற்ற, சீழ் கட்டிய காலை இழுத்துக்கொண்டு திரிவதைவிட மூன்று காலால் ஓடுவது அதற்கு எவ்வளவோ மேல். முதுகுத் தண்டு அறுந்து, வாலிலும் கால்களிலும் ஆழ்ந்த வலியுணர்வே இல்லாமல் போய், சிறுநீரும் தானே கழிய மாட்டாத நிலை வந்தால், மருத்துவர் நான்காவது ஒன்றையும் சொல்லக் கூடும்: நோவின்றி உயிர் நீங்கச் செய்தல். அது கேட்பதற்குக் கொடிய சொல். எனினும் அதனைச் சொல்லும் மருத்துவரை இரக்கமற்றவர் என்று கருதுவது நேர்மையன்று.

நம் நாய்க்குக் கம்பி வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அடிப்பவருக்கு அடித்த கணத்தோடு வேலை முடிந்தது; அறுவை செய்தவருக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்தது; உங்களுக்கு இப்போதுதான் தொடங்குகிறது. முறிந்த எலும்பு கூடும் விதத்தைத் தெரிந்துகொண்டால், பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும். முறிவின் வாயில் முதலில் இரத்தம் உறைகிறது. அந்த உறைவினிடத்தே சில நாள்களில் மென்மையான இழையும், அதன்பின் குருத்தெலும்பும் தோன்றி, முறிந்த இரு முனைகளையும் ஒரு கயிற்றுப் பாலம்போல் இணைக்கின்றன. பிறகு சுண்ணச் சத்து அதிற் படிந்து அது கெட்டிப்படுகிறது. வளர்ந்த நாய்க்கு இது முற்றுப்பெற எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். குட்டிகளுக்கு மூன்று நான்கு வாரத்திலேயே கூடிவிடுவதும் உண்டு.

இதில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. இரண்டு வாரம் கழிந்ததும் வலி பெரும்பாலும் தீர்ந்துவிடும். நாய் வாலாட்டும், குதிக்கும், பூனையைக் கண்டால் பாயும். "எழுந்துவிட்டதே!" என்று வீட்டார் மகிழ்ந்து அவிழ்த்து விடுவர். ஆனால் எலும்போ அப்போது கயிற்றுப் பாலமாகவே இருக்கிறது. கம்பி வளைவதும் முறிவு மீண்டும் பிரிவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது நான்காவது வாரங்களில்தான். ஆகவே மருத்துவர் மறு படம் எடுத்துப் பார்த்து ஒப்புதல் சொல்லும்வரை, அது திரும்பிப் படுக்க இடங்கொள்ளும் சிறு அறையிலோ, கூண்டிலோ, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே பலகை அடைத்த மூலையிலோ அதனை வைத்திருக்க வேண்டும். மொசைக் தரையும் பளபளக்கும் ஓட்டுத் தரையும் வழுக்கும். கோணிப்பையையோ பழைய கம்பளத்தையோ விரித்துவிடுங்கள். சிறுநீருக்கு வெளியே கொண்டு செல்லும்போது ஒரு துண்டை அதன் வயிற்றுக்கு அடியிற் கொடுத்து இருமுனையையும் மேலே பிடித்துக்கொண்டால், பின்னுடலின் பாரத்தை உங்கள் கை தாங்கும். மாடிப்படி வேண்டா. நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்பது நாட்டில் வழங்கும் நம்பிக்கை. அதன் உமிழ்நீரில் கிருமிகளை ஒருவாறு அடக்கும் பொருள்கள் சில இருப்பது மெய்யே. ஆயினும் ஓயாது நக்கும் நாக்கு தையலைப் பிரித்துவிடும். அதனால்தான் கழுத்தில் கூம்புபோன்ற காப்பை மாட்டிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும், இரங்கிக் கழற்றிவிடாதீர்கள்.

உணவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு புடைக்க ஊட்டாமல், சிறிது சிறிதாக நாளைக்கு நான்கு வேளை கொடுப்பது நன்று. சோற்றோடு வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி இறைச்சி ஆகியவை போதும். வெங்காயம் அதன் குருதி அணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும். சாக்லேட்டு இதயத்தைப் பாதிக்கும். நம் குழம்பில் வெங்காயம் இல்லாத நாள் ஏது? ஆகவே குழம்புச் சோறு வேண்டா. வேகவைத்த கோழியெலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் குத்தும். குடற்புழுவுக்கு மருந்து, உண்ணி ஒழித்தல், தடுப்பூசி ஆகியவற்றை மருத்துவர் குறித்துக்கொடுத்த நாளில் தவறாது செய்துவிடுக. உண்ணிதானே என்று அலட்சியம் செய்தல் கூடாது. அது பரப்பும் காய்ச்சல், எலும்பு முறிவிலிருந்து பிழைத்த நாயையும் கொண்டுபோய்விடும்.

இதுவரை சொன்னது உடலைப் பற்றியது. இதனை மருத்துவரும் காலமும் சேர்ந்து பெரும்பாலும் செய்து தந்துவிடுவர். மற்றொன்று உண்டு, அதனைச் செய்பவர் வீட்டில் இருப்பவரே. நம் நாய் வந்த நாளிலிருந்து கட்டிலின் அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. நாம் எதிரில் இருக்கும்போது உண்பதில்லை. கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறது, மூக்கை நக்கிக்கொள்கிறது, கண்ணின் வெண்மை தெரிய ஓரமாகப் பார்க்கிறது. இவையெல்லாம் அதன் பேச்சு. "என்னை விடுங்கள், எனக்கு அச்சமாக இருக்கிறது" என்று அது மரியாதையாகவே சொல்லுகிறது. இம்மொழி தெரியாதவர் மேலும் நெருங்குவர். அப்போது அது உறுமும். உறுமலையும் பொருட்படுத்தாவிட்டால் கடிக்கும். "எவ்வளவு செய்தோம், கடித்துவிட்டதே" என்று பின்பு வருந்துவோர் பலர். நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டே அது கடித்தது. உறுமும் நாயை அடித்து அடக்கினால், அது உறுமுவதை மட்டுமே மறக்கும், அச்சத்தை மறக்காது. பிறகு எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும் நாயொன்றை நாமே உண்டாக்கினவர்களாவோம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மாணவர்களாகிய உங்களுக்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த அறையிற் சென்று, நாய்க்குப் பக்கமோ முதுகோ காட்டித் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படியுங்கள். அதனை நோக்க வேண்டா, அழைக்க வேண்டா. எழுந்து வரும்போது ஓர் உணவுத் துண்டை அங்கே விட்டு வாருங்கள். மறுநாளும் அதே வேளையில் அப்படியே செய்யுங்கள். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ, உங்கள் சட்டையின் ஓரத்தில் ஈரமான மூக்கொன்று படும். அப்போதும் திரும்பி அணைத்துக்கொள்ளாமல் தொடர்ந்து படிக்க முடியுமாயின், நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இந்தப் பொறுமை பெரியவர்களுக்கு எளிதில் வருவதில்லை. தாம் செய்த உதவிக்கு நன்றியை அன்றன்றே காண விரும்புகிறார்கள். முதல் முறை தொடும்போது தலையின்மேல் கை வைக்காமல் மார்பிலோ தோளிலோ மெல்லத் தொட்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிடுங்கள். அது விலகினால் விட்டுவிடுங்கள். மேலும் நெருங்கினால் தொடருங்கள்.

ஓசைகளின் அச்சம் தனியானது. ரஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லோவ், உணவோடு ஓர் ஓசையைப் பலமுறை சேர்த்துக் கேட்பித்தால், பிறகு அந்த ஓசை மட்டுமே நாயின் வாயில் நீரூறச் செய்யும் என்று காட்டியதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் நாய்க்கு அந்தப் பாடம் தலைகீழாக நடந்திருக்கிறது. மோட்டார் வண்டியின் ஓசையும் எலும்பு முறிந்த வலியும் ஒரே கணத்தில் சேர்ந்துவிட்டன. அதற்கு ஒரு முறையே போதுமானதாக இருந்தது. அதனை அவிழ்ப்பதும் அதே விதிப்படிதான். வண்டியோசை மிக மெல்லக் கேட்கும் தொலைவில் நாயை நிறுத்தி, ஓசை கேட்கும்போதெல்லாம் அதற்கு மிகவும் பிடித்த உணவைக் கொடுக்க வேண்டும். அது உணவை உண்ண மறுத்தால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பது பொருள், பின்வாங்க வேண்டும். நாள்தோறும் சில அடிகள். கட்டிய வேகத்தில் இது அவிழாது. தீபாவளியன்று மட்டும் பயிற்சி ஒன்றும் வேண்டா. சன்னல்களை அடைத்து, வானொலியைச் சற்று உரக்க வைத்து, அதற்கு ஒளிந்துகொள்ள ஒரு மூலையைக் கொடுத்து, கழுத்துப் பட்டை கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிக்கு மிரண்டு ஓடிக் காணாமற்போகும் நாய்கள் ஆண்டுதோறும் பல.

நாயும் மனிதனும் ஒருவரையொருவர் அமைதியாக நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு மிகுவதாக 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் சுரப்பும் அதுவே. நம் நாய் முதல் வாரத்தில் நம் கண்ணைத் தவிர்த்தது நினைவிருக்கிறதல்லவா? ஒரு நாள் அது தானாகவே நம் முகத்தை அண்ணாந்து பார்க்கும். அந்தப் பார்வையை நாமாகத் தேடிச் சென்று பெற முடியாது.

கடைசியாக ஒரு கேள்வி. குணமான நாய் யாருடையது? நாட்டு நாய் நன்றாகப் பேணினால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். இன்று பதினாறு வயதாகும் மாணவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயதாகியிருக்கும். படிப்புக்கும் வேலைக்கும் வேற்றூர் சென்றிருப்பான். அவனுக்குப் பதிலாகச் சோறு வைப்பவர் அவன் தாயாராகத்தான் இருப்பார். ஆகவே நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் அவருடைய மனமறிந்து ஒப்புதல் பெறுவது முதற் கடமை. வாடகை வீடாயின் வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். சில மாதங்கள் வைத்துவிட்டுத் தொலைவிலே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று எண்ணுவது, அது முன்பு இருந்த நிலையினும் கொடியது. விலங்கைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகுமாறு கைவிடுதல், 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

வளர்க்க இயலாதவர் சிகிச்சைக்கு மட்டும் உதவுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்த தெருநாயை, அதனைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதை 2023ஆம் ஆண்டு விதிகள் முறையாக வகுத்தன. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றுமாறு 2025இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டறிந்து நடப்பது நல்லது. வீட்டு நாயாகவே கொள்வதானால் கருத்தடை செய்து, ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, உரிமம் கோரும் நகரங்களில் உரிமமும் பெற்றுக்கொள்ளுங்கள்.

எலும்பு கூடிய காலில் தசை மெலிந்தே இருக்கும். முதல் வாரம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து நிமிடம் என்று சமதரையில் மெல்ல நடத்தினால், தசை சிறுகச் சிறுகத் தேறும். உடல் பருக்க விடாதீர்கள். மிகும் ஒவ்வோர் எடையையும் அந்தக் கால்தான் சுமக்க வேண்டும். மார்கழிக் குளிரில் காலையில் எழும்போது அது சற்று நொண்டும். அதற்காக அஞ்ச வேண்டா. நாலடி நடந்ததும் சரியாகிவிடும். படுக்கும் கோணிப்பையை மட்டும் இரண்டாக மடித்துப் போட்டுவிடுங்கள்.